ஐம்பதும் 0.05-உம் ஒன்றுதான், அம்மா

அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிட ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று. அட்டையில் 50 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் பொடியாக மைக்ரோகிராம் என்பதற்கான குறி. அம்மாவைப் பொறுத்தவரை அந்த 50 தான் மாத்திரையின் பெயர். “அம்பது தீரப் போகுது, வாங்கணும்” என்பாள்.

போன மாதம் அதே மருந்து, வேறு கம்பெனி. அட்டையில் 0.05 என்று இருந்திருக்கிறது. உடனே எனக்கு ஃபோன்.

“ஏண்டி, டோஸைக் குறைச்சுட்டாங்களா? இத்தனை நாள் அம்பது இருந்துச்சு. இப்போ பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் அஞ்சுன்னு போட்டிருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“அம்பதும் அரைக்காலுக்குப் பெறாத இதுவும் ஒண்ணா?”

“அது மைக்ரோகிராம், இது மில்லிகிராம். அலகுதான் வேற, மருந்து அதே அளவுதான்.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், “நீ அவசரப்படாம ஒரு தடவை பாத்துச் சொல்லு” என்றாள். அவள் சந்தேகப்பட்டது சரி. எண்ணை மட்டும் பார்த்தால் 50-க்கும் 0.05-க்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். பழைய அளவு வேண்டுமென்றால் ஆயிரம் மாத்திரை விழுங்க வேண்டும் என்று கணக்கு வரும். அம்மா அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனால் ‘குறைச்சுட்டாங்க போல, ரெண்டாப் போட்டுக்குவோம்’ என்று நினைக்க ஒரு நிமிடம் போதும்.

அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஃபோனை வைத்ததும் ஒரு காகிதத்தை எடுத்து 50-ஐ ஆயிரத்தால் வகுத்துப் பார்த்தேன். புள்ளியை மூன்று இடம் இடப்பக்கம் தள்ளினால் 0.050. சரியாகத்தான் இருந்தது. மருந்தாளுநரிடமும் ஒரு முறை கேட்டுவிடச் சொன்னேன். ஆறாம் வகுப்புக் கணக்கை இந்த வயதில் காகிதத்தில் போட்டுப் பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பு என் தொழில். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கிணற்று நீரின் ஆய்வறிக்கையைத் தமிழாக்கினேன். அதில் ஆர்செனிக் லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்று இருந்தது. மூலத்தில் மைக்ரோவுக்கான மியூ என்ற கிரேக்க எழுத்து, கோப்பு எழுத்துரு மாறியபோது எப்படியோ ஆங்கில எம் ஆகிவிட்டிருந்தது. நானும் யோசிக்காமல் மி.கி. என்று அடித்துக்கொண்டே போனேன். அதே அட்டவணையில் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் இருந்தது: லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதுவும் என் கையில் 10 மி.கி. ஆனது. எட்டு பத்தை விடக் குறைவு. ஆகவே நீர் ஏற்கத்தக்கது. அட்டவணை தனக்குத்தானே கச்சிதமாகப் பொருந்திப்போனது. எங்கேயும் உறுத்தவில்லை.

மெய்ப்பு பார்த்தவர் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். மறுநாள் கூப்பிட்டார். “அம்மா, நீங்க எழுதியிருக்கறது தண்ணி இல்லை, விஷம்” என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூட இல்லையாம். “ஃபுளோரைடு மில்லியில பேசும், ஆர்செனிக் மைக்ரோவில பேசும். ஆர்செனிக் மில்லியில பேசுனா எங்கயோ தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம்.” குடிநீரில் ஃபுளோரைடுக்கான வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், ஆர்செனிக்குக்கு 0.01 மில்லிகிராம். அவருக்கு இந்த எண்கள் நாக்கு நுனியில் இருந்தன. எனக்கு எட்டும் பத்தும் வெறும் எட்டும் பத்துமாக இருந்தன.

மெட்ரிக் அலகுகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அதன் எளிமையைத்தான் புகழ்வார்கள். பத்தால் பெருக்கு, பத்தால் வகு, முடிந்தது. உண்மைதான். ஆனால் அந்த எளிமைக்குள்ளேதான் வில்லங்கமும் உட்கார்ந்திருக்கிறது. பவுண்டைக் கிலோவாக மாற்றினால் எண்ணின் முகமே மாறிவிடும்: 50 பவுண்டு என்பது 22.68 கிலோ. மாற்றியாயிற்றா இல்லையா என்று பார்த்ததும் தெரியும். கிராமை மில்லியாக மாற்றினால் ஐந்து ஐந்தாகவே இருக்கிறது. பூஜ்ஜியங்கள் மட்டும் வருகின்றன, போகின்றன. மாற்றியது சரியா தவறா என்று எண் எந்தத் தடயமும் விடுவதில்லை.

1983 ஜூலை 23-இல் கனடாவில் ஒரு போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற இடத்தில் பழைய விமானத்தள ஓடுபாதையில் மிதந்து வந்து இறங்கிய கதையை மெட்ரிக் அபிமானிகள் அடிக்கடி சொல்வார்கள். அந்த விமானத்துக்குத் தேவைப்பட்டது 22,300 கிலோ. லிட்டரை எடையாக மாற்றும்போது, லிட்டருக்கு 0.8 கிலோ என்று எடுப்பதற்குப் பதில் 1.77 பவுண்டு என்ற பழைய எண்ணைப் போட்டு, வந்த விடையைக் கிலோ என்று நினைத்துவிட்டார்கள். வேண்டியதில் பாதிகூட ஏறவில்லை. ‘பார்த்தீர்களா, பவுண்டு இருந்ததால் வந்த வினை’ என்று முடிப்பார்கள். எனக்கு அந்த முடிவு ஒப்பவில்லை. பவுண்டில் பிசகினால் இரண்டு மடங்குதான் பிசகும். மெட்ரிக்குக்குள் பிசகினால் ஆயிரம் மடங்கு.

அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். பன்னிரண்டு வயது. வீட்டுப்பாடத்தில் 3.2 கிலோகிராமை மில்லிகிராமாக மாற்றச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதிய விடை 0.0000032. ஆறு இடம் தள்ள வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டாள்.

“ஏன் இப்படி?”

“கிலோ பெரிசு, மில்லி சின்னது. பெரிசுலேருந்து சின்னதுக்குப் போறோம். அப்போ எண்ணு குறையணும்ல, சித்தி?”

தர்க்கத்தில் குறை சொல்ல முடியவில்லை. பெரியவர்களும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள், வெளியே சொல்வதில்லை. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அவளை அடிமேல் அடி வைத்து நடந்து எண்ணச் சொன்னேன். அவள் பாதத்துக்கு 24 வந்தது. நான் எட்டி எட்டி வைத்தேன், 8. கூடம் அப்படியேதான் இருக்கிறது. அடி சிறுத்தால் எண்ணிக்கை பெருக்கும், அடி பெருத்தால் எண்ணிக்கை சிறுக்கும். அவள் பேசாமல் போய் 0.0000032-ஐ அடித்துவிட்டு 32,00,000 என்று எழுதினாள்.

பள்ளியில் சொல்லித்தரும் ஏணி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்: கிலோ, ஹெக்டோ, டெகா, நடுவில் கிராம், அப்புறம் டெசி, சென்டி, மில்லி. படிக்குப் பத்து. பரீட்சைக்கு நல்ல ஏணிதான். நிறைக்கு இதில் பாதிப் படி தேவையில்லை என்பது என் கட்சி. சென்டிமீட்டர் இல்லாமல் வாழ முடியாது. சென்டிகிராமைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை. நிறைக்கு நடைமுறையில் உள்ள ஏணி ஆயிரம் ஆயிரமாகத்தான் ஏறுகிறது: மைக்ரோகிராம், மில்லிகிராம், கிராம், கிலோகிராம், டன். ஒவ்வொரு படிக்கும் மூன்று இடம். நடுவில் நூறு கிலோவுக்குக் குவிண்டால் என்று ஒன்று, வைரம் எடை போடுகிறவர்களுக்கு 200 மில்லிகிராம் காரட் என்று ஒன்று. இவை திண்ணை மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பவை.

பத்துப் பத்தான ஏணியில் பழகியவர்களுக்கு இன்னொரு குழி காத்திருக்கிறது. சென்டிக்கு அடுத்தது மில்லி, மில்லிக்கு அடுத்தது மைக்ரோ என்று வரிசையாகச் சொல்லும்போது மில்லிக்கும் மைக்ரோவுக்கும் நடுவில் பத்து மடங்குதான் என்று தோன்றிவிடும். இல்லை, ஆயிரம். கிலோவிலிருந்து மில்லி வரைதான் படிகள் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கு மேலேயும் கீழேயும் மூன்று மூன்றாகத் தாண்ட வேண்டும். அக்கா மகளிடம் ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று கேட்டபோது, கண்ணை இமைக்காமல் “பத்து” என்றாள்.

தமிழில் எழுதும்போது நமக்கென்று தனியாகச் சில தொல்லைகள் உண்டு. கிலோவும் கி, கிராமும் கி. ‘கி.கி.’ என்றால் கிலோகிராம், ‘கி.’ என்றால் கிராம் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் பேச்சில் கிலோகிராமைக் ‘கிலோ’ என்றே சுருக்கிவிட்ட ஆளுக்கு, ‘50 கி.’ என்று ஒரு மூட்டையின் மேல் எழுதியிருந்தால் ஐம்பது கிலோ என்றுதான் படும். அப்புறம் மி.கி., மை.கி. இரண்டுக்கும் உயிர்மெய்யில் ஒரு குறிதான் வித்தியாசம். மதிப்பில் ஆயிரம் மடங்கு. மங்கலாக அச்சாகியிருந்தால் மையா மியா என்று கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. ஆர்செனிக் விவகாரத்துக்குப் பிறகு நான் மைக்ரோகிராமைச் சுருக்குவதில்லை. இடம் போனால் போகட்டும் என்று முழுசாக எழுதிவிடுகிறேன்.

ஆங்கிலக் குறியீடு மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. சின்ன எம் போட்டு ஜி எழுதினால் மில்லிகிராம். பெரிய எம் போட்டு ஜி எழுதினால் மெகாகிராம், அதாவது ஒரு டன். ஒரே எழுத்து, சின்னதா பெரியதா என்பதில் நூறு கோடி மடங்கு தொங்கிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு மக்னீசியத்தின் குறியீடும் அதே பெரிய எம், சின்ன ஜி. சத்து மாத்திரைப் புட்டிகளில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடிக்கும்போது, மக்னீசியம் 250 மில்லிகிராம் என்பது கண்டிப்பானவர் கண்ணுக்கு 250 டன் என்று படும். படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

எண்ணுப் பெயர்களிலும் நாம் வேறு தாளத்தில் போகிறோம். மெட்ரிக் முன்னொட்டுகள் ஆயிரம் ஆயிரமாகத் தாவுகின்றன. நம் வாய் ஆயிரத்துக்கு அப்புறம் லட்சம், கோடி என்று நூறு நூறாகப் போகிறது. அதனால் மெகா என்பது பத்து லட்சம், கிகா என்பது நூறு கோடி, டெரா என்பது லட்சம் கோடி. ஒரு கிலோவில் பத்து லட்சம் மில்லிகிராம், நூறு கோடி மைக்ரோகிராம். காற்புள்ளியும் இடம் மாறுகிறது: 10,00,000 என்று நாம் எழுதுவதை மற்றவர்கள் 1,000,000 என்கிறார்கள். இன்னும் சில மொழிகளில் காற்புள்ளிதான் தசமப் புள்ளியே. அவர்கள் 1,500 கிலோ என்று எழுதினால் ஒன்றரைக் கிலோ. எடை அளவைகளுக்கான உலக மாநாடு 2003-இல் இதற்கு ஒரு வழி சொன்னது: தசமத்துக்குப் புள்ளியோ காற்புள்ளியோ இருக்கலாம், ஆயிரங்களைப் பிரிக்க இரண்டும் வேண்டாம், சின்ன இடைவெளி விடுங்கள். நல்ல யோசனை. நானே இந்தக் கட்டுரையில் கடைப்பிடிக்கவில்லை.

அம்மாவின் மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். மருந்துச் சீட்டைப் பிழையில்லாமல் எழுதுவதற்கென்றே சில விதிகள் இருக்கின்றன, பெரும்பாலும் புள்ளியைப் பற்றியவை. ஐந்து மில்லிகிராமை 5.0 என்று எழுதக்கூடாது. புள்ளி மங்கினால் ஐம்பது. அரை மில்லிகிராமை வெறும் .5 என்று எழுதக்கூடாது; புள்ளி கண்ணில் படாவிட்டால் ஐந்து, அதனால் முன்னால் ஒரு பூஜ்ஜியம் கட்டாயம். மியூ எழுத்தைக் கையால் எழுதினால் எம் போலத் தெரியும் என்பதால் அதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஒரு மில்லிகிராமுக்குக் குறைவானதை 0.05 மில்லிகிராம் என்று எழுதுவதை விட 50 மைக்ரோகிராம் என்று எழுதுவது மேல், புள்ளியே வராது. என் வரைக்கும் இந்தக் கடைசி விதிதான் தங்கம். எந்த அலகில் எழுதினால் புள்ளி இல்லாமல் போகுமோ அந்த அலகில் எழுது. 0.75 கிலோவை விட 750 கிராம். அம்மாவுக்குக் குழப்பம் வந்ததே அந்தப் புள்ளியால்தான்.

அலகு மாற்றுவதில் கணக்குத் தெரிந்தால் போதாது, பொருளின் அளவும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. வேதியியல் ஆசிரியருக்கு இருந்தது அதுதான். அதை அக்கா மகளுக்குக் காட்ட வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடினேன். அச்சு எந்திரத்தில் ஏ4 தாள் இருந்தது.

அந்தத் தாள் கட்டின் மேல் 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாளின் நிறை 80 கிராம் என்று பொருள். ஏ0 என்ற பெரிய தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதைப் பாதியாக மடித்தால் ஏ1, இன்னும் பாதி ஏ2, அப்படியே ஏ4-க்கு வந்தால் பதினாறில் ஒரு பங்கு. 80-ஐ 16-ஆல் வகுத்தால் 5. ஆக ஒரு ஏ4 தாள் ஐந்து கிராம். என்னிடம் நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு இருக்கிறது. தாளை நாலாக மடித்து வைத்தோம். 4.97 என்று காட்டியது. அவளுக்கு வாயெல்லாம் பல். கணக்கில் வந்தது தராசிலும் வருகிறது என்பதைப் பார்க்கும் சந்தோஷம் பெரியவர்களுக்கும் உண்டு.

அங்கிருந்து மேலே போனோம். ஐந்நூறு தாள் கட்டு 2500 கிராம், அதாவது இரண்டரைக் கிலோ. அவள் தூக்கிப் பார்த்தாள். நாற்பது கட்டு ஒரு குவிண்டால். நானூறு கட்டு, அதாவது இரண்டு லட்சம் தாள், ஒரு டன். அது இந்தக் கூடத்துக்குள் அடங்குமா என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. தாராளமாக அடங்கும், தரை தாங்குமா என்பது வேறு கேள்வி.

அப்புறம் கீழே. தாளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டரை வெட்டினாள். ஒரு சதுர மீட்டரில் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர். 80 கிராம் என்பது 80,000 மில்லிகிராம். வகுத்தால் 8 மில்லிகிராம். தராசில் வைத்தால் 0.00. தராசுக்கு அது இல்லவே இல்லை. பத்துத் துண்டு வெட்டிக் குவித்து வைத்தபோது 0.07-க்கும் 0.08-க்கும் நடுவே தத்தளித்தது. 80 மில்லிகிராம் என்றால் 0.08 கிராம், சரிதான். இந்த இடத்தில் அவள் ஒன்று கேட்டாள்: சதுர மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கும் நடுவில் நூறு இல்லாமல் பத்தாயிரம் ஏன் வந்தது? பரப்பில் இரண்டு பக்கமும் நூறு நூறாகப் பிரிகிறது. நிறைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. நீளம், பரப்பு, கன அளவு எல்லாவற்றையும் விட மாற்றுவதற்குச் சாதுவான அலகு அதுதான்.

கடைசியாக ஒரு சதுர மில்லிமீட்டர். கத்தரிக்கோலால் நடக்காத காரியம். பிளேடால் நான்தான் வெட்டினேன். 8 மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு: 0.08 மில்லிகிராம், அதாவது 80 மைக்ரோகிராம். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. “மூச்சு விட்டா போயிடும் சித்தி” என்று கிசுகிசுத்தாள். ஒரு மைக்ரோகிராம் வேண்டுமென்றால் இதை இன்னும் எண்பது துண்டாக்க வேண்டும். பக்கத்துக்கு 0.11 மில்லிமீட்டர் வரும். தாளின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆகவே அது தாளாகவே இருக்காது, ஒரு தூசி.

தாளை விட அழகான ஏணி தண்ணீரில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத் தண்ணீர் ஒரு கிராம். பக்கத்தைப் பத்து மடங்கு ஆக்கினால், பத்து சென்டிமீட்டர், ஒரு லிட்டர், ஒரு கிலோ. இன்னும் பத்து மடங்கு, ஒரு மீட்டர், ஒரு டன். கீழே வந்தால் ஒரு மில்லிமீட்டர் பக்கத்துக்கு ஒரு மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்கு பக்கம், தலைமுடியின் தடிமன் போல, ஒரு மைக்ரோகிராம். நிறை ஆயிரம் ஆயிரமாகத் தாவும்போது நீளம் பத்துப் பத்தாக நடக்கிறது. ஐந்து கனசதுரங்களை மனதில் வரிசையாக வைத்துக்கொண்டால் அலகு மாற்றம் பாதி முடிந்தது.

தண்ணீர் இங்கே தற்செயலாக வரவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1795-இல், கிராமை வரையறுத்ததே இப்படித்தான்: பனி உருகும் வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் தூய நீரின் நிறை. அதற்கு இரண்டு வருடம் முன்னால், ஒரு லிட்டர் நீரின் நிறைக்குக் ‘கிராவ்’ என்று தனிப்பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. சின்னதான கிராம் அடிப்படையானது. ஆனால் ஒரு கிராமுக்குத் துல்லியமான எடைக்கல் செய்து பாதுகாப்பது சிரமம் என்பதால் ஆயிரம் கிராமுக்குச் செய்தார்கள். 1799-இல் பிளாட்டினத்தில் வந்தது. அன்று முதல் அடிப்படை அலகே ‘கிலோ’ என்ற முன்னொட்டோடு நிற்கிறது. மீட்டருக்கோ விநாடிக்கோ இந்த விசித்திரம் கிடையாது. இதன் விளைவுகளில் ஒன்று: கிலோகிராமுக்கு முன்னால் இன்னொரு முன்னொட்டைப் போடக்கூடாது. கிலோவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை மைக்ரோகிலோகிராம் என்று சொல்லாமல் மில்லிகிராம் என்கிறோம். முன்னொட்டு எப்போதும் கிராமின் தலையில்தான் ஏறும். 2022-இல் ரோன்னா (ஒன்றுக்குப் பின் 27 பூஜ்ஜியம்), குவெட்டா (30 பூஜ்ஜியம்) என்று புது முன்னொட்டுகள் வந்தபோதும் அப்படியே: பூமியின் நிறை சுமார் ஆறு ரோன்னாகிராம்.

பிளாட்டினக் கட்டைக்குப் பிறகு, 1889-இல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உருளை வந்தது. உயரமும் விட்டமும் சுமார் 39 மில்லிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கும். பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் கண்ணாடிக் குடுவைகளுக்குள் வைத்திருந்தார்கள். கிலோகிராம் என்றால் அதுதான். உலகத்தின் எல்லா மில்லிகிராமும் மைக்ரோகிராமும் அதைப் பகுத்து வந்தவை. அதன் நகல்களைச் சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நூறு வருடத்தில் நகல்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு விலகல் தெரிந்தது. நகல்கள் கூடினவா, இது குறைந்ததா என்று சொல்லவே முடியாது; இது ‘எப்போதும் ஒரு கிலோ’ என்பதுதானே வரையறை. பெரிய சங்கடம். கடைசியில் உருளையையே ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் அளவை 6.62607015 × 10⁻³⁴ ஜூல் விநாடி என்று நிலைநிறுத்தி அதிலிருந்து கிலோகிராமைப் பெறுகிறார்கள்.

அந்த விலகல் எவ்வளவு என்றால், சுமார் 50 மைக்ரோகிராம். படித்தபோது எனக்கு அம்மாவின் அட்டைதான் கண்ணில் வந்தது. உலகத்தின் கிலோகிராமையே மாற்ற வைத்த அந்த வேறுபாடு, தினமும் காலையில் அவள் வெறும் வயிற்றில் விழுங்கும் மருந்தின் அளவு. மாத்திரையில் மீதியெல்லாம் நிரப்புப் பொருள். ஃபோனில் சொன்னேன். “அவ்வளவு துளியூண்டா? அதுக்கா பதினோரு வருஷமா அலாரம் வச்சு எந்திரிக்கிறேன்?” என்றாள்.

அக்கா மகளிடமும் சொன்னேன்: நீ விரலில் வைத்திருக்கிறாயே, அதை விடச் சின்னது. அவள் விரலைப் பார்த்தாள். துண்டு இல்லை. மேசையில், நோட்டில், முழங்கையில் தேடி, கடைசியில் தராசின் தட்டில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். தராசு 0.00 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது.

“இது எத்தனை டன் சித்தி?”

“நீயே போடு.”

மைக்ரோவிலிருந்து மில்லிக்கு மூன்று, கிராமுக்கு மூன்று, கிலோவுக்கு மூன்று, டன்னுக்கு மூன்று என்று விரல்விட்டுக்கொண்டு, நோட்டில் ஒரு வரி முழுக்க எழுதினாள்: 0.00000000008. அப்புறம் பென்சில் முனையைப் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்து, பூஜ்ஜியங்களை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.